பின்னால் கட்டு, முன்னால் போடு: கடல் கேள்வி பதில்

ஏதென்ஸை ஒட்டிய அலிமோஸ் மெரினா என்ற படகுத்துறையிலிருந்து கிளம்பும் வாடகை யாட்டுகளில், அதாவது உல்லாசப் படகுகளில், ஒன்பது கோடைக்காலம் வேலை பார்த்தவன் என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பற்றித்தான். கடியபட்டணத்து மீன் விலையைக் கேட்டிருந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். இந்த முறை கிரேக்கத் தீவுதான்.

*மே மாதம் கிரேக்கத்துக்கு யாட் வேலைக்குப் போகிறேன். அங்கே படகின் பின்பக்கத்தைத் துறைச் சுவரில் கட்டி, முன்பக்கம் நங்கூரம் போடுவார்களாமே? சுவரோடு பக்கவாட்டில் அணைத்துக் கட்டினால் என்ன?*
*– 23 வயது வாசகர், முட்டம்*

தம்பி, இடம் கிடையாது. 12 மீட்டர் யாட்டைப் பக்கவாட்டில் அணைத்தால் 12 மீட்டர் சுவர் போச்சு. பின்பக்கம் கொடுத்து நின்றால் நாலு மீட்டர் போதும். ஒருவன் அணைக்கிற இடத்தில் மூன்று பேர் நிற்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் பெரும்பாலான இடங்களில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் தண்ணீர் 10 மீட்டர் ஏறி இறங்கும். அங்கே இப்படிக் கட்டிவிட்டுத் தூங்கினால் விடியும்போது படகு கயிற்றில் தொங்கும்.

செய்முறையைச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். துறைக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டு பக்கமும் பெண்டர் (உரசாமல் காக்கும் மெத்தை) தொங்க வேண்டும். பின்பக்கக் கயிறு இரண்டும் சிக்கில்லாமல் சுருட்டி, கம்பி வேலிக்கு வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். நுழைந்த பிறகு கயிறு தேடுகிறவனை அங்கே எவனும் மதிக்க மாட்டான். சுவரிலிருந்து மூன்று நாலு படகு நீளம், அதாவது 40, 50 மீட்டர் தள்ளி நங்கூரத்தை இறக்கு. கேப்டன் பின்னோக்கி வருவார். அவர் வேகத்துக்கு ஏற்ப நீ சங்கிலி விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நங்கூரம் இழுபட்டுக் கூடவே வந்துவிடும். அவிழ்த்துக் கொட்டினால் சங்கிலி அடியில் குவியலாகக் கிடக்கும். காற்று வருகிற பக்கத்துக் கயிறுதான் முதலில் கரைக்குப் போக வேண்டும். வளையத்தில் கோத்து நுனியைத் திருப்பிக் கொடுக்கச் சொல். முடிச்சுப் போடும் வேலையைக் கரையில் நிற்பவனிடம் விடாதே. இரண்டு கயிறும் கட்டிய பிறகு சங்கிலியை மோட்டாரால் இழுத்து இறுக்கு. படகு சுவரைவிட்டு ஒரு மீட்டராவது முன்னே நகர்ந்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பலகை போட்டு இறங்குவது.

சங்கிலி மோட்டாரை ஓட்டும்போது இன்ஜின் ஓடட்டும், இல்லையென்றால் பேட்டரி உட்கார்ந்துவிடும். விரலைச் சங்கிலி பக்கம் கொண்டுபோகாதே. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிற்பவன் கத்துவது ஸ்டியரிங்கில் நிற்பவருக்குக் கேட்காது. கை ஜாடைகளைக் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ரா தீவுக்குக் கட்டாயம் போவாய். கார் ஓடாத தீவு, சாமான் எல்லாம் கழுதை முதுகில். துறைமுகம் நம்ம ஊர்க் கோயில் குளம் போல ஒடுக்கம். கோடையில் சாயங்காலம் ஆனால் படகுக்கு முன்னால் படகாக இரண்டு மூன்று வரிசை நிற்கும். அடியில் சங்கிலிகள் இடியாப்பம் மாதிரி. என் இரண்டாவது கோடையில் பக்கத்துப் படகின் சங்கிலிமேல் குறுக்கே போட்டுவிட்டேன். காலையில் அந்தப் படகுக்காரர் நங்கூரம் தூக்க, எங்கள் சங்கிலியும் சேர்ந்து மேலே வந்தது. அவர் திட்டியது ஜெர்மன் மொழியில். எனக்கு முழுக்கப் புரிந்தது.

உன் நங்கூரம் அடுத்தவன் சங்கிலியில் மாட்டி வந்தால் பதறாதே. நீர்மட்டம் வரை தூக்கு. ஒரு கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் விட்டு, இரு நுனியையும் உன் படகில் கட்டு. இப்போது அந்தச் சங்கிலி கயிற்றில் தொங்கும். உன் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கு, தானாகக் கழன்றுவிடும். அதைத் தள்ளிக் கொண்டுபோய்த் தூக்கிவிட்டு, கயிற்றின் ஒரு நுனியை அவிழ்த்துவிடு. பத்து நிமிட வேலை. கோபப்பட்டால் ஒரு மணி நேரம்.

*நங்கூரம் கனமாக இருந்தால் போதாதா? சங்கிலி ஏன் அவ்வளவு நீளம்?*
*– கல்லூரி மாணவி, நாகர்கோவில்*

மகளே, நீ இருப்பது நாஞ்சில் நாடு. நாஞ்சில் என்றால் கலப்பை. உன் கேள்விக்குப் பதில் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. எட்டு ஒன்பது டன் யாட்டைப் பிடித்து நிறுத்தும் நங்கூரம் 20 கிலோகூட இருக்காது. அது கனத்தால் பிடிப்பதல்ல, தரையைக் கிழித்து உள்ளே இறங்கிப் பிடிப்பது. ஜி.ஐ. டெய்லர் என்ற இங்கிலாந்து இயற்பியலாளர், தானே பாய்ப்படகு ஓட்டியவர், 1933-ல் கலப்பை வடிவத்திலேயே ஒரு நங்கூரம் செய்தார். இன்றும் பல படகுகளின் மூக்கில் அதைப் பார்க்கலாம்.

மாட்டை உயரத்தில் நிறுத்திக் கலப்பையை மேல்நோக்கி இழுத்தால் கொழு மண்ணைவிட்டு எகிறிவிடும் அல்லவா? நங்கூரமும் அப்படித்தான். இழுப்பு தரையோடு தரையாக வர வேண்டும். அதற்குத்தான் நீளச் சங்கிலி. தண்ணீர் 5 மீட்டர், அணியத்தின் உயரம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 6. அதைப்போல ஐந்து மடங்கு, 30 மீட்டர் விடுவோம். வெறும் கயிறு என்றால் ஏழு மடங்கு. அணியத்தின் உயரத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள்தான் நடு இரவில் எழுந்து ஓடுகிறார்கள்.

மணலும் சேறும் நல்ல பிடி. பாறை மோசம். பொசிடோனியா என்ற கடற்புல் இன்னும் மோசம். மேலிருந்து பார்த்தால் கரும்பச்சைத் திட்டாகத் தெரியும். அது பாசி இல்லை, பூக்கிற செடி. நங்கூரம் அதன்மேல் வழுக்கும், இல்லாவிட்டால் வேரோடு பிடுங்கும். பாதுகாக்கப்பட்ட செடி அது. வெளிர் நிறத்தில் மணல் தெரியும் இடமாகப் பார்த்துப் போட வேண்டும்.

*நின்றுகொண்டிருக்கும் யாட்டில் கறுப்புப் பந்து ஒன்று தொங்கும் படத்தைப் பார்த்தேன். கண்ணேறு கழிக்கவா?*
*– வாசகர், குலசேகரம்*

பூசணிக்காய் இல்லை ஐயா. ‘நங்கூரத்தில் நிற்கிறேன், என்னால் உடனே விலக முடியாது’ என்பதற்கான பகல் அடையாளம். இரவில் அதற்குப் பதில் எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு.

*அங்கேயும் நம்மூர் ஆடிக்காற்று போல ஒன்று உண்டாமே?*
*– காற்றாலை ஊழியர், ஆரல்வாய்மொழி*

உண்டு. மெல்தேமி என்பார்கள். ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து அடிக்கும், ஜூலை ஆகஸ்டில் உச்சம். உங்கள் காற்றுக்கு அது தூரத்துச் சொந்தம். கோடையில் வடமேற்கு இந்தியா, பாகிஸ்தான் மேல் சூட்டினால் உருவாகும் தாழ்வழுத்தம்தான் நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கிறது. அதன் கை மேற்கே துருக்கி வரை நீளும். பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கிப் பக்கம் தாழ்வு, நடுவில் ஏஜியன். காற்று பாயாமல் என்ன செய்யும்? ஆனால் நம்மூரில் மேகம் முன்கூட்டிச் சொல்லிவிடும். அங்கே வானம் பளிச்சென்று நீலமாகவே இருக்கும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பொங்கும்.

வடக்கே மலை இருக்கிறது, அதன் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். முப்பந்தலில் நிற்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலை காற்றைத் தடுப்பதைப்போலவே சில இடங்களில் குவித்தும் அனுப்பும். செரிபோஸ் தீவில் லிவாதி என்ற வளைகுடா. அலை இல்லை, ஆனால் மலைச்சரிவிலிருந்து காற்று மூட்டை மூட்டையாக வந்து விழும். அங்கே இருட்டிய பிறகு வந்து, கடற்புல்லைக் கவனிக்காமல் நங்கூரம் போட்டோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா கட்டுமரத்தில் கற்றுக்கொடுத்த கணியம், அதாவது கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வருவதை, பார்த்து வைத்திருந்தேன். கரையில் கடை விளக்கு ஒன்று, அதற்கு நேர் பின்னால் மேட்டில் ஒரு வீட்டு விளக்கு. நடுச்சாமத்துக்கு மேல் இரண்டு விளக்கும் பிரிந்தன. படகு நங்கூரத்தோடு ஆடும்போதும் கொஞ்சம் பிரியும், பிறகு கூடும். அன்றைக்குக் கூடவே இல்லை. கேப்டனை எழுப்பினேன். சங்கிலியோடு ஒரு பெரிய புல்மூட்டை ஏறி வந்தது. இரண்டாம் முறை மணலில் போட்டு, இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, 45 மீட்டர் விட்டோம். யாட்டில் ஜிபிஎஸ் அலாரமும் இருந்தது. அதை ஆன் பண்ண யாருக்கும் ஞாபகமில்லை.

*திருத்தூதர் பணிகள் 27-ல் பவுல் வந்த கப்பல் பின்பக்கமிருந்து நாலு நங்கூரம் இறக்கியது என்று பங்குச்சாமியார் வாசித்தார். நங்கூரம் முன்னால் அல்லவா போட வேண்டும்?*
*– மீன் வியாபாரம் செய்யும் அம்மா, குளச்சல்*

அக்கா, பூசையில் இப்படிக் கவனித்துக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு சல்யூட். கதை கிரேத் தீவில் தொடங்குகிறது. அங்கே ஒரு வாடைக்கொண்டல் (வடகிழக்கு) காற்று கப்பலைப் பிடித்து, பதினாலு நாள் இழுத்துக்கொண்டு போகிறது. பதினாலாம் இரவு ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்க்கிறார்கள். 20 பாகம் (விரித்த இரு கை நீளம் ஒரு பாகம்). கொஞ்ச தூரம் போய் மறுபடியும் பார்த்தால் 15. கரை நெருங்குகிறது, முன்னால் பாறை இருக்கலாம், இருட்டு.

முன்னால் போட்டிருந்தால் கப்பல் சுழன்று காற்றைப் பார்த்து நின்றிருக்கும். காலையில் கரையேற்ற வேண்டுமென்றால் அந்தப் பெரிய கப்பலை மறுபடி திருப்ப வேண்டும். அந்த அலையில் திருப்பும்போதே கவிழலாம். பின்பக்கம் போட்டதால் மூக்கு கரையைப் பார்த்தே நின்றது. நம் ஆட்கள் வள்ளத்தை அலையோடு கரையேற்றும்போது மூக்கு திரும்பாமல் பார்த்துக்கொள்வதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், அதே புத்திதான். போட்டவர்கள் கடல் தெரிந்தவர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை.

விடிந்ததும் நாலு நங்கூரத்தையும் கழற்றிக் கடலிலேயே விட்டுவிட்டு, பாயை ஏற்றிக் கரைக்கு விட்டார்கள். கப்பல் உடைந்து போனது, 276 பேரும் பிழைத்தார்கள். எங்கள் முதலாளியாக இருந்திருந்தால் அந்த நாலு நங்கூரத்தின் விலையை என் சம்பளத்தில் பிடித்திருப்பார்.