தீபாவளிக்கு நீட்டிப்பு கிடையாது

வணக்கம் சார்,

கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்டிகிள்ஷிப்பில், அதாவது சி.ஏ. படிப்புக்கான பயிற்சியில் இருக்கிறேன். வரித் தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30 கடைசி நாள். மாதம் முழுக்க வீடு திரும்பப் பதினொரு மணியாகிறது. தேதியைத் தள்ளிவைப்பார்களா என்று கடைசி நாள் மாலைவரை போனையே பார்த்துக்கொண்டிருப்போம். வருஷம் முழுக்க ஒரே சீராக ஓடும் தொழில் ஏதாவது உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

தள்ளிவைப்பார்கள் என்ற நப்பாசையாவது உங்களுக்கு இருக்கிறது. என் அப்பா டெய்லர். தீபாவளிக்கு நீட்டிப்பு கிடையாது.

புரட்டாசிக் கடைசியில் ‘ஆர்டர் குளோஸ்’ என்று அட்டை தொங்கவிடுவார். அந்த அட்டைக்குக் கீழேயே நின்று, “அண்ணாச்சி, பையனுக்கு ஒரே ஒரு சட்டைதான்” என்பார்கள். வாங்கிவிடுவார். துணியின் ஓரத்தைத் துளி நறுக்கி அளவு நோட்டில் ஊசி குத்தி வைப்பார். எது யார் துணி என்பதற்கு அதுதான் சாட்சி. காஜா எடுக்கும் பையன்கள் கடையிலேயே தூங்குவார்கள். பட்டன் கட்டுவது என் வேலை. ஒரு வருஷம் இரண்டு பேர் ஒரே பீஸில் துணி எடுத்துவிட்டார்கள், சாட்சி பிறழ்ந்தது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் விரல் நுனிவரை கை தொங்கும் சட்டையோடு வந்து நின்றார். கோபத்தில் அவர் கையை ஆட்ட ஆட்ட எனக்குச் சிரிப்பு வந்து, அப்பாவிடம் ஒரு குட்டு வாங்கினேன்.

வேலை அதிகம் என்பதைவிட, அது ஒரே நேரத்தில் வந்து விழுவதுதான் கொல்கிறது. உங்கள் கட்சிக்காரர்கள் ஜூலையிலேயே கணக்கைத் தரலாமே? செப்டம்பர் இருபதுக்கு மேல்தான் மஞ்சப்பை நிறைய பில்லோடு வருவார்கள்.

ஒரே சீரான தொழில் கேட்டீர்கள். பால்காரருடையது அப்படித்தான், ஒரு விடியற்காலைகூடத் தூங்க முடியாது. மாற்றிக்கொள்கிறீர்களா?

மற்றதெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கிடக்கிறது. ஆடியில் மண்டபம் பூட்டிக்கிடக்கும், நாதஸ்வரக்காரர் வீட்டில் இருப்பார்; அம்மன் கோயில் கூழ் ஊற்றலில் மைக்செட்காரருக்குத் தூக்கமே இருக்காது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தமிழ்நாட்டில் 2017க்கு முன் அது 45 நாள். கடலுக்குப் போகிறவர்களுக்கு முடக்கம். கரையேற்றிய படகில் பலகை மாற்றும் ஆசாரிக்கும், பெயின்டருக்கும், இன்ஜின் மெக்கானிக்குக்கும் அதுதான் சீசன். தடை முடிவதற்குள் படகு தண்ணீரில் இறங்கியாக வேண்டும். அங்கேயும் நீட்டிப்பு இல்லை.

அப்பாவின் மிஷின் நிற்காமல் ஓடிய அதே ஐப்பசியில்தான் தூத்துக்குடி உப்பளத்தில் மழை இறங்கிப் பாத்தி வேலை நிற்கும். தினக்கூலிக்காரர்களுக்குத் தை வரை அந்த வருமானம் இல்லை. அதனால்தான் சீசனைப் பற்றி யார் புலம்பினாலும் எனக்குச் சீசன் இல்லாத மாதம்தான் ஞாபகம் வருகிறது. கார்த்திகையில் அப்பா மிஷினுக்கு எண்ணெய் விட்டு, துணியால் மூடிவிட்டு, கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கிழிந்த பையைத் தைக்க ஒருவர் வந்தாலும் எழுந்து நின்றுவிடுவார்.