ஹவுசிங் பெனிபிட் யார் கணக்குக்குப் போக வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 71. லண்டன் குரொய்டனில் தனியார் வீடொன்றில் தனியாக வாடகைக்கு இருக்கிறேன். மாத வாடகை 1,040 பவுண்ஸ். வாடகைக்கு அரசு தரும் உதவியான ஹவுசிங் பெனிபிட்டுக்கு விண்ணப்பித்து ஐந்து வாரமாகியும் கவுன்சிலிடமிருந்து (உள்ளூராட்சி அலுவலகம்) முடிவு வரவில்லை. வாடகையும் ஐந்து வாரம் பாக்கி. பணம் நேரே தன் கணக்குக்கு வர வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒரு கடிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போட வேண்டாம், அம்மா. போட்டாலும் அந்தக் கடிதம் மட்டும் போதாது. 2008 ஏப்ரலில் வந்த விதிப்படி, தனியார் வீட்டில் குடியிருப்பவரின் கணக்குக்கே பணம் போவதுதான் வழக்கம். வீட்டுக்காரருக்கு நேரே கொடுக்க வேண்டுமானால் கவுன்சிலுக்குக் காரணம் வேண்டும்: உடல்நிலையால் உங்களால் பண விஷயங்களைப் பார்க்க முடியவில்லை, நீங்கள் வாடகை கட்டுவது சந்தேகம், இப்படி ஏதாவது.

ஆனால் பாக்கி எட்டு வாரத்தைத் தொட்டுவிட்டால் கதை வேறு. உங்கள் நலனுக்குப் பாதகம் என்றாலொழிய, கவுன்சில் அவருக்குத்தான் கொடுத்தாக வேண்டும். கவுன்சிலின் தாமதமே உங்கள் பணத்தை அவர் கையில் சேர்த்துவிடும்.

ஆகவே காத்திருக்காதீர்கள். விண்ணப்பித்த 14 நாளுக்குள் முடிவெடுக்க முடியாமல் போய், தவறு உங்கள் பக்கம் இல்லையென்றால், கவுன்சில் இடைக்காலப் பணம் கொடுக்க வேண்டும். இது சலுகை அல்ல, கடமை. 'பேமென்ட் ஆன் அக்கவுண்ட்' என்ற பெயரையே எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கு முன் வாடகை ஒப்பந்தம், வங்கி விவரம் என்று எதையாவது கேட்டுக் கவுன்சில் கடிதம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். திறக்காத உறைக்குள் சிக்கிக் கிடக்கும் விண்ணப்பங்கள் நிறைய.

பணம் பெரும்பாலும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்த வாரங்களுக்குத்தான் வரும். முழு வாடகையும் அனுமதிக்கப்பட்டால்கூட ஒரு தவணை 960 பவுண்ஸ்தான் இருக்கும். 80 குறைகிறதே என்று பதற வேண்டாம். ஆண்டுக்கு மாதம் 12, தவணை 13. ஆனால் பதின்மூன்றாவது தவணை வரும்வரை அந்த 80ஐ நீங்கள்தான் போட்டுச் சமாளிக்க வேண்டும். முழு வாடகையும் கிடைக்குமா என்பது உங்கள் பகுதிக்கான உச்சவரம்பையும் உங்கள் வருமானம், சேமிப்பையும் பொறுத்தது.

வீட்டுக்காரர் தொடர்ந்து நச்சரித்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்: நேரே வாங்கும் பணத்தில் கவுன்சில் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்தது இருந்தால், அதை அவரிடமே திருப்பிக் கேட்கலாம். இதை யோசிக்காமல்தான் பலர் கடிதத்தோடு வருகிறார்கள்.

அப்புறம், ஓய்வூதிய வயதை எட்டாதவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்களுக்கு வாடகை உதவி, வருமானம் குறைந்தோருக்கான அரசு உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டோடு மாதாமாதம் வரும்.