17பி வந்துவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். ஒரு கோப்பு காணாமல் போனதற்காக எனக்கு 17பி குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். வேலை போய்விடுமா?

பதில்: முதலில் பதற்றத்தைக் குறையுங்கள். குறிப்பாணை என்பது குற்றச்சாட்டுதான், தண்டனை இல்லை. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17ஏ என்றால் கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்தி வைப்பது போன்ற சிறு தண்டனைக்கானது, விளக்கம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம். 17பி பணிநீக்கம் போன்ற பெருந்தண்டனை வரை போகும் என்பதால், நீங்கள் குற்றச்சாட்டை மறுத்தால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். அரசியலமைப்பின் 311வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது, உங்களைப் பணியில் நியமித்தவருக்குக் கீழே உள்ள அதிகாரி உங்களை நீக்கவும் முடியாது.

சரி, விளக்கத்தில் என்ன எழுதுவது? "மன்னிக்கவும், இனி நடக்காது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நம்மில் பலர் பயத்தில் செய்வது இதுதான், அப்புறம் அதுவே ஒப்புதலாகிவிடும். கோப்பு கடைசியாக யார் கையில் இருந்தது, நகர்வுப் பதிவேட்டில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். விசாரணை முடிந்ததும் அறிக்கையின் நகலை உங்களுக்குக் கொடுத்து, உங்கள் கருத்தைக் கேட்ட பிறகே தண்டனை ஆணை போட முடியும். 1993இல் உச்ச நீதிமன்றம் கருணாகர் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆணை பாதகமாக வந்தால் இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு. ஆணை கையில் கிடைத்த தேதியை உடனே குறித்து வையுங்கள்.