நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள்: பிலிப்பைன்ஸ் பள்ளித் தொலைக்காட்சி பற்றிக் கேள்வி பதில்

பிலிப்பைன்ஸ் அரசுப் பள்ளிகளில் பாட வீடியோக்கள் வகுப்பறைக்குள் எப்படிப் போய்ச் சேர்கின்றன, போன பிறகு என்ன ஆகிறது என்பதுதான் பொருள். பெரும்பாலும் நாலெட்ஜ் சேனல் அறக்கட்டளையின் வேலையை வைத்தே பேசுகிறேன். கருவி, பாடம், மொழி இந்த மூன்றில் கேளுங்கள். விசா, நன்கொடைக்கு வரிவிலக்கு இதெல்லாம் என் துறை இல்லை.

சேலம் வாசகர்: நாலெட்ஜ் சேனல் அரசு சேனலா?

இல்லை. 1999இல் ரீனா லோபெஸ் பௌதிஸ்தா தொடங்கிய லாப நோக்கமற்ற அறக்கட்டளை அது. ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சியை நடத்தும் லோபெஸ் குழுமத்தின் ஆதரவோடு வளர்ந்தது. நிகழ்ச்சிகள் கல்வித்துறையின் பாடத்திட்டத்தை ஒட்டி அமைகின்றன. அதற்கும் முன்பே, 1994 முதல், ஏபிஎஸ்-சிபிஎன் அறக்கட்டளையின் ‘சினெஸ்க்வெலா’ என்ற அறிவியல் நிகழ்ச்சி அங்கே பிரபலம். சினிமாவையும் பள்ளியையும் சேர்த்துக் கட்டிய பெயர்.

2020இல் பெரிய அடி. மே 4 அன்று ஏபிஎஸ்-சிபிஎன்னின் ஒளிபரப்பு உரிமம் முடிந்தது, மறுநாளே நிறுத்த உத்தரவு வந்தது. ஜூன் 30 அன்று அதன் டிஜிட்டல் பெட்டிச் சேவைக்கும் தடை. அந்தப் பெட்டி வழியாக இலவசமாக நாலெட்ஜ் சேனல் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் திரை இருண்டது. பள்ளிகள் மூடிக் கிடந்த நேரம் அது. அக்டோபரில் ஏ2இசட் சேனலின் காலைத் தொகுப்பாகத் திரும்பி வந்தது.

டாவோவில் படிக்கும் மருத்துவ மாணவர்: நாங்கள் சில தமிழ் மாணவர்கள் சேர்ந்து, மின்சாரம் இல்லாத ஒரு மலைப் பள்ளிக்கு டிவி வாங்கித் தர நினைக்கிறோம். என்ன வாங்கலாம் சார்?

தம்பி, நல்ல காரியம். டிவியைக் கடைசியாக வாங்குங்கள். முதலில் கணக்கு.

32 அங்குல எல்இடி டிவி சுமார் 45 வாட். கூட ஒரு சின்ன ஸ்பீக்கர் 10, வீடியோ ஓட்டும் கருவி 5. மொத்தம் 60 வாட். ஒரு நாளைக்கு 3 மணி நேரம் ஓடினால் 180 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 210. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் 1200 இருக்கும், ஆனால் பாதிக்கு மேல் எடுத்தால் அது சீக்கிரம் செத்துப்போகும். ஆக 600. வெயிலே இல்லாமல் கிட்டத்தட்ட மூன்று நாள் தாங்கும். மலையில் மழைக்காலத்துக்கு இது தேவை. சோலார் தகடு 150 வாட், இன்வெர்ட்டர் 300 வாட், சுத்த சைன் அலை வகை.

கெட்டுப்போவது எங்கே தெரியுமா? தகட்டிலோ டிவியிலோ இல்லை. அந்த ஊரில் கரண்ட் இருக்கும் ஒரே இடம் பள்ளி என்றால், சாயங்காலம் ஊரே போனைக் கொண்டுவந்து செருகும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பேட்டரி தினமும் அடிமட்டம் வரை காலியாகும். மலிவான இன்வெர்ட்டர் 10.5 வோல்ட் வரை விட்டுவிடும், ஈய அமில பேட்டரிக்கு அது மிகத் தாழ்வு. 12 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே தானாகத் துண்டிக்கும்படி அமைக்கக்கூடிய கருவியாகப் பாருங்கள். போன் சார்ஜுக்கென்று சின்னத் தகடும் பேட்டரியும் தனியாக வைத்துவிட்டால் சண்டையே வராது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை காய்ச்சி வடித்த நீர் யார் ஊற்றுவது என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. ஆசிரியர் நிகழ்ச்சியை முன்கூட்டியே பார்க்காமல், முழுதாக ஒரேயடியாக ஓட்டினால், இத்தனை செலவும் வீண். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாஸ் பான்யோஸ் வாசகி: எங்கள் பக்கத்துப் பள்ளியில் மின்சாரம் இருக்கிறது. 43 அங்குல டிவி போதுமா?

பிலிப்பைன்ஸ் அரசுப் பள்ளி வகுப்பறையின் வழக்கமான அளவு 7க்கு 9 மீட்டர். கடைசி வரிசை பலகையிலிருந்து 7 மீட்டருக்கு மேல் போய்விடும். 43 அங்குலத் திரையின் உயரம் சுமார் 53 செ.மீ. படம் மட்டும் பார்க்க உயரத்தைப்போல் எட்டு மடங்கு, அதாவது 4.2 மீட்டர் வரை உட்காரலாம். எழுத்தும் எண்ணும் படிக்க வேண்டுமானால் ஆறு மடங்கு, 3.2 மீட்டர்தான். 55 அங்குலம் வாங்கினாலும் 5.5 மீட்டரோடு சரி. பெரிய டிவிக்குப் பணம் செலவழிப்பதைவிட, சிறு பிள்ளைகளை முன்னால் பாயில் உட்கார வையுங்கள். ‘பனிக்’ என்று அங்கே நெய்யும் பாய் பல வீடுகளில் உண்டு. நாற்காலிகள் அதற்குப் பின்னால்.

ஜன்னலுக்கு நேர் எதிரே திரையை வைக்காதீர்கள். அங்கே பல பள்ளிகளில் கண்ணாடித் தட்டுகளை அடுக்கிய ஜன்னல், வெளிச்சம் கோடு கோடாகத் திரையில் விழும். சத்தத்தையும் யோசியுங்கள்: தகரக் கூரையில் மழை பெய்தால் டிவியின் சொந்த ஸ்பீக்கர் கேட்கவே கேட்காது. 20 வாட் ஸ்பீக்கர் ஒன்றை, பிள்ளைகளின் காது உயரத்தில் வையுங்கள்.

கோவை வாசகர்: எந்த டிவி வாங்கலாம்? எத்தனை அங்குலம்?

இதற்கு முந்தைய பதில்.

பாத்தாங்காஸ் வாசகர்: பள்ளிக்கு வீடியோக்கள் ஹார்டு டிஸ்க்கில் வந்திருக்கின்றன. டிவியில் செருகினால் டிக் டிக் என்று சத்தம், ஓடவில்லை.

பெரும்பாலும் ஹார்டு டிஸ்க் பழுதாக இருக்காது. கேபிளோ இணையமோ எட்டாத பள்ளிகளுக்கு இப்படி வீடியோ நூலகமாகவே கொடுப்பது வழக்கம். பல டிவிகளின் யூஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் தரும், சுழலும் டிஸ்க்குக்கு அது போதாது. டிஸ்க்கை மடிக்கணினியில் செருகி, அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் 64 ஜிபி பென்டிரைவில் நகலெடுங்கள். 720பி தரத்தில் 20 நிமிட நிகழ்ச்சி ஏறக்குறைய 300 எம்பி, ஆக ஒரு பென்டிரைவில் 190க்கு மேல் கொள்ளும். பல பழைய டிவிகள் ஃபேட்32 அமைப்பில் ஃபார்மேட் செய்த பென்டிரைவைத்தான் படிக்கும், எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 கோப்புகளைத்தான் ஓட்டும். படம் வராமல் சத்தம் மட்டும் வந்தால் அது பெரும்பாலும் புதிய எச்.265 முறைக் கோப்பு, மாற்ற வேண்டும்.

மூல டிஸ்க்கை வகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். முதல் நாளே இன்னொரு நகல் எடுத்துத் தலைமையாசிரியர் அலமாரியில் பூட்டுங்கள்.

மதுரை ஆசிரியை: ஒரு பீரியடில் இதை எப்படி நடத்துவார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 2024 முதல் படிப்படியாக வந்த ‘மாதாதாக்’ என்ற தேசியப் பாடத்திட்டத்தில் பெரும்பாலான பாடங்களுக்கு 45 நிமிடம். நிகழ்ச்சி 15 முதல் 20 நிமிடம். மீதி நேரம்தான் பாடம்.

முந்தைய நாள் ஆசிரியர் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டும். பார்க்கும்போது மூன்று இடங்களில் நிறுத்தும் நேரத்தைத் தாளில் குறிக்க வேண்டும், நிமிடம், விநாடியோடு. எங்கே நிறுத்துவது? விடை வெளிப்படுவதற்குச் சற்று முன்னால். ‘மேத்தாலி’ போன்ற கணித நிகழ்ச்சியில் ஒரு கணக்கைக் கேட்டுவிட்டு நடிகர் யோசிக்கும் நொடி இருக்கும், அங்கே. நிறுத்தியதும் கேள்வியை வகுப்பு முழுவதற்கும் கேட்டு, ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிய பிறகே மறுபடி ஓட்ட வேண்டும். கையைத் தூக்கும் நான்கு பேரிடம் மட்டும் கேட்டால் மற்ற நாற்பது பேர் சினிமா பார்த்ததாகத்தான் கணக்கு.

தொடக்கத்தில் 5 நிமிடம்: இன்று எதைத் தேடிப் பார்க்கப்போகிறோம் என்று ஒரே ஒரு கேள்வி, புதிய சொற்கள் மூன்று. நிறுத்தங்களோடு சேர்த்துப் பார்க்க 25 நிமிடம். கடைசி 15 நிமிடம் டிவியை அணைத்துவிட்டு அதே கருத்தைக் கல், குச்சி, விதை ஏதாவது வைத்துக் கையால் செய்ய வேண்டும். மறுநாள் காலை, படம் காட்டாமல், ஐந்து கேள்வி. மூன்றுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு அந்த ஒரு துண்டை மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.

வாசிப்புப் பாடத்தில் ஒரு கண்ணி உண்டு. அங்கே பல ஆசிரியர்கள் ‘மருங்கோ’ முறையில் ம, ஸ, அ, இ, ஓ என்ற வரிசையில் ஒலிகளைச் சொல்லித் தருகிறார்கள். வீடியோ அகரவரிசையில் போனால் இரண்டும் மோதும். வீடியோவின் வரிசையை விடுங்கள், உங்கள் வரிசைக்கு எது ஒத்துவருகிறதோ அந்தத் துண்டை மட்டும் எடுங்கள்.

சென்னை வாசகர்: எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே காட்டிவிட்டால் என்ன? பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு ஆங்கிலம் நன்றாக வருமே.

மணிலா அலுவலகத்தில் பேசும் பெரியவருக்கு வரும். சாமார் தீவில் வாராய் மொழி மட்டும் கேட்டு வளர்ந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு வராது. புரியாத மொழியில் படம் அசையும்போது பிள்ளை படத்தைத்தான் பார்க்கும்.

செபு வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். ஆங்கிலம் இருக்கட்டும், தகாலோகை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழியான ஃபிலிப்பினோவில் காட்டினால் மட்டும் சரியாகிவிடுமா? ‘லங்காம்’ என்றால் தகாலோகில் எறும்பு, எங்கள் செபுவானோவில் பறவை. அறிவியல் பாடத்தில் எறும்பைக் காட்டி லங்காம் என்றால் பிள்ளை என்ன நினைக்கும்?

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். எண்களில் இதைவிட மோசம். ஃபிலிப்பினோ வீடியோ 23ஐ ‘தலவாம்புத் தத்லோ’ என்று சொல்லும். செபுவில் கடைத்தெருவில் கேட்பது ஸ்பானிய வழியில் வந்த ‘பேய்ந்தித்ரெஸ்’. பிள்ளைக்கு 23 தெரியும், அந்தச் சொல் தெரியாது. கணக்குத் தெரியவில்லை என்று ஆசிரியர் முடிவு கட்டிவிடுகிறார். ஒரு பிள்ளைக்குச் செய்யும் பெரிய அநியாயம் இது.

சென்னை வாசகர்: ஆனால் சட்டமே தாய்மொழி வழியை எடுத்துவிட்டதே!

2013இன் சட்டம் மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை தாய்மொழியைப் பயிற்றுமொழி ஆக்கியது. 19 மொழிகளில் அது நடந்தது. 2024 அக்டோபரில் வந்த சட்டம் 12027 அதை நிறுத்தி ஃபிலிப்பினோவுக்கும் ஆங்கிலத்துக்கும் திருப்பியது. அதே சட்டம் வட்டார மொழிகளைத் துணை மொழியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது, வகுப்பு முழுவதும் ஒரே தாய்மொழி பேசும் இடங்களில் விருப்பப்பட்டால் தொடரவும் விடுகிறது. ‘எடுத்துவிட்டது’ என்று சொல்லிப் பிள்ளையின் மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை.

செபு வாசகர்: அப்படியானால் டப்பிங்தானே வழி?

பணம் இருந்தால். அனிமேஷனை மாற்றுவது எளிது. மனித நடிகர்களின் வாயசைவுக்குப் பொருத்துவது கடினம். பாட்டு மிகக் கடினம், எதுகையும் அசையும் எண்களின் மேலேயே கட்டப்பட்டிருக்கும். அடியில் வசனம் போடுவது சின்ன வகுப்புக்கு உதவாது, வாசிக்கத் தெரியாததால்தானே படம் காட்டுகிறோம்.

செலவில்லாத வழி: சத்தத்தை அணையுங்கள், ஆசிரியர் தன் குரலில் செபுவானோவில் சொல்லட்டும். விதை முளைப்பது, நீர் ஆவியாவது போன்ற செய்முறைக் காட்சிகளுக்கு இது அருமையாக நடக்கும். பிறகு அதே துண்டை ஃபிலிப்பினோ சத்தத்தோடு இரண்டாம் முறை. இப்போது பிள்ளைக்குப் பொருள் தெரியும், சொல்லை மட்டும் பிடித்தால் போதும். எழுத்தொலிப் பாடங்களுக்கு மட்டும் சத்தத்தை அணைக்காதீர்கள், அங்கே ஒலிதான் பாடம். முன்கூட்டியே பார்க்கும்போது ‘லங்காம்’ மாதிரிச் சொற்களைத் தேடிப் பலகையில் இரு மொழியிலும் எழுதிவிடுங்கள்: எறும்புக்கு ஹுல்மிகாஸ், பறவைக்கு லங்காம்.

திருநெல்வேலி வாசகர்: நம் கல்வித் தொலைக்காட்சியோடு ஒப்பிட முடியுமா?

அது 2019இல் வந்த அரசுச் சேனல், இது அறக்கட்டளை. விரிவாக ஒப்பிட இன்னொரு நாள் வேண்டும்.

பெங்களூரு வாசகர்: இருபது வருடத்துக்கு மேலாகப் பாடத் தொலைக்காட்சி இருந்தும், 15 வயது மாணவர்களுக்கான சர்வதேசத் தேர்வான பிசாவில் பிலிப்பைன்ஸ் கடைசி வரிசையில்தானே? பிறகு இதனால் என்ன பயன்?

மதிப்பெண் உண்மை. 2018இல் வாசிப்பு 340, 2022இல் 347. கணிதம் 353, பிறகு 355. ஆனால் தொலைக்காட்சியை மட்டும் வைத்து இதைத் தீர்ப்பது சரியில்லை. பெருநகரப் பள்ளிகளில் வகுப்புக்கு ஐம்பது பேர், இரண்டு ஷிப்ட். தொற்றுக்காலத்தில் நேரடி வகுப்பு 2021 நவம்பரில்தான் சில பள்ளிகளில் தொடங்கியது. முழுமையாகத் திரும்ப 2022 நவம்பர் ஆயிற்று. அதற்கு முன்னால் பெரும்பாலான பிள்ளைகளிடம் இருந்தது அச்சிட்ட பாடத் தொகுப்புதான். டிவி ஆசிரியர் எண்ணிக்கையைக் கூட்டாது. நல்ல அறிவியல் செய்முறையைக் கருவியே இல்லாத பள்ளியில் காட்டும், தனக்கே தடுமாற்றமான பாடத்தில் ஆசிரியருக்குக் கைகொடுக்கும். இந்த இரண்டுக்கும் அதைவிட மலிவான வழி இல்லை.

இலோயிலோ வாசகர்: மழை வந்தால் டிஷ் சிக்னல் போய்விடுகிறது.

டிஷ் பிடிக்கும் கே-யு அலைவரிசையில் கனமழைக்குப் படம் உடைவது இயல்பு, அரை மணியில் திரும்பும். தூறலுக்கே போனால் டிஷ் கோணம் நகர்ந்திருக்கும் அல்லது கேபிள் முனையில் நீர் இறங்கிப் பச்சைப் பூத்திருக்கும். முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடா சுற்றுங்கள். புயல் எச்சரிக்கை 2ஆம் எண் வருவதற்கு முன்பே டிஷ்ஷைக் கழற்றி உள்ளே வையுங்கள், கம்பத்தில் பெயிண்டால் திசைக் குறி போட்டபின். அந்த நாட்டின் வானிலைக் கண்காணிப்பு எல்லைக்குள் வருடத்துக்குச் சராசரியாக இருபது புயல் வருகிறது.

ஈரோடு வாசகர்: டிவி எத்தனை அங்குலம் நல்லது?

மூன்றாவது முறை. மேலே லாஸ் பான்யோஸ் பதிலைப் படியுங்கள், தயவுசெய்து.

மதுரை ஆசிரியை: கடைசியாக ஒன்று. ஆசிரியர் வராத நாளில் டிவியைப் போட்டுவிட்டு வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் செய்யலாமா?

புதிய பாடம் வேண்டாம். ஏற்கெனவே நிறுத்தி நிறுத்தி நடத்திய பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போடுங்கள். நிறுத்த நேரங்கள் எழுதிய தாள் டிவியின் பின்னாலேயே ஒட்டியிருக்கட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் அந்த நேரத்தில் நிறுத்தி, தாளில் உள்ள கேள்வியை வாசித்தால் போதும். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ரிமோட்டைத் தொடக்கூடாது என்று மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள்.