மூணு தடவை படிச்சும் மறக்குதா? நாலாவது தடவை வாசிக்காதீங்க
டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்காக கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து அரசியலமைப்பை மூணு தடவை படிச்சும் மாதிரித் தேர்வில் கோட்டை விடுறேன்னு எழுதியிருக்கீங்க. திரும்பத் திரும்ப வாசிச்சா பக்கம் கண்ணுக்குப் பழகிடும். அதையே 'தெரியும்'னு மனசு நம்பிடுது. பாடம் முடிஞ்சதும் புத்தகத்தை மூடிட்டு, வெள்ளைத்தாளில் 10 நிமிஷம் ஞாபகத்திலிருந்து எழுதுங்க. உதாரணமா, அரசியலமைப்பின் 352-வது பிரிவு தேசிய அவசரநிலை, 356 குடியரசுத் தலைவர் ஆட்சின்னு எழுதிட்டீங்க. 360, அதாவது நிதி அவசரநிலை, ஞாபகம் வரலையா? அங்கேதான் ஓட்டை, அதை மட்டும் திறந்து பாருங்க. மறுநாளும், 3 நாள் கழிச்சும், ஒரு வாரம் கழிச்சும் புதுத்தாளில் மறுபடி எழுதுங்க. முதல்ல எரிச்சலாத்தான் இருக்கும், தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. மாதிரித் தேர்வில் ஒவ்வொரு விடைக்கும் 'உறுதி', 'ஊகம்'னு தனித்தாளில் குறிச்சுக்கோங்க. உறுதின்னு போட்டுத் தப்பானதை முதல்ல எடுத்துத் திருத்துங்க. ஊகம் சரியா விழுந்திருந்தாலும் அதைத் தெரிஞ்ச கணக்கில் சேர்க்காதீங்க.