சஸ்பென்ஷன் சந்தேகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: என் பிக்கப் வண்டி காலியாகப் போனால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. சுமை ஏற்றினால் அடங்கிவிடுகிறது. லீஃப் ஸ்பிரிங்கில் கோளாறா?

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. லீஃப் ஸ்பிரிங் என்பது அடுக்கி வைத்த எஃகுப் பட்டைகள், அவை முழுச் சுமையைக் கணக்குப் பண்ணி வைத்தவை. காலி வண்டியின் எடைக்கு அவை சரியாக வளைந்துகொடுக்காது. போதாக்குறைக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் சின்னச் சின்ன மேடுபள்ளத்துக்கு அசையவே யோசிக்கும். ஆனாலும் எடையைத் தாங்குவதோடு அச்சை இடம் மாறாமல் பிடித்துவைப்பதும் அதே பட்டைதான். லாரிக்காரர்கள் அதை லேசில் விடாததற்கு அதுவும் ஒரு காரணம். டயரில் முழுச் சுமைக்கான காற்றை அடித்துவிட்டுக் காலியாக ஓட்டுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: முன்பக்கத்துக்கு மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் நல்லதா, டபுள் விஷ்போன் நல்லதா?

பதில்: வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும், கூடவே டயரும் சாய்ந்தால் பிடிமானம் குறையும். டபுள் விஷ்போனில் சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும், பெரும்பாலும் மேல்கை கீழ்க்கையைவிடக் குட்டையாக இருக்கும். அதனால் சக்கரம் மேலேறும்போது அதன் தலை உள்பக்கம் இழுக்கப்பட்டு, டயர் ரோட்டில் ஓரளவு தட்டையாகவே உட்காரும். ஸ்ட்ரட்டில், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பில், மேல்கையே கிடையாது, ஆகவே இந்தத் திருத்தம் குறைவு. ஆனால் பாகங்கள் கம்மி, விலை கம்மி, குறுக்குவாட்டில் எஞ்சினை வைக்க இடமும் கிடைக்கும். 1950இல் ஃபோர்டு கான்சல் காரில் வந்த இந்த அமைப்பு இன்றைக்கும் பெரும்பாலான சின்னக் கார்களில் இருப்பது சும்மா இல்லை. போர்ஷே 911கூடப் பல பத்தாண்டுகள் முன்பக்கம் ஸ்ட்ரட்டோடுதான் ஓடியது. பெயரை வைத்து எடை போடாதீர்கள், ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: பின்பக்கம் டார்ஷன் பீம் என்றால் மட்டம் என்கிறார்களே?

பதில்: டார்ஷன் பீம் என்பது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் ஒரு சட்டம், அதனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதற்கும் கொஞ்சம் தெரியும், உண்மைதான். ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பல கைகள் பிடிக்கும் மல்டிலிங்க் அந்த இடத்தில் சொகுசு. ஆனால் அதில் புஷ், அதாவது மூட்டுகளில் வரும் ரப்பர், அதிகம். வண்டிக்கு வயதாக ஆக ஒவ்வொன்றாகச் சத்தம் போடும். பத்து வருஷம் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் நான் பீமுக்கே ஓட்டுப் போடுவேன்.

கேள்வி: ஏர் சஸ்பென்ஷன் வண்டி ராத்திரி நிறுத்தினால் காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறது.

பதில்: அந்த மூலையில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்றுப் பையிலிருந்து காற்று கசிகிறது. தள்ளிப்போடாதீர்கள், காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் ஓடி ஓடியே தீய்ந்துவிடும்.

கேள்வி: ஷாக் அப்சார்பர் புதிதாகப் போட்டும் வண்டி தாழ்ந்தே நிற்கிறது?

பதில்: எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் அதன் ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.