பக்கத்து ஊர் விதி உங்கள் ஊரில் செல்லாது

தம்பி, கோவையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, 7 வயது மகளை ஊர் சாக்கர் (கால்பந்து) லீக்கில் சேர்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊரில் அந்த வயதுக்கு கோல்கீப்பர் கிடையாது, பக்கத்து ஊரில் உண்டு, எது சரி என்பது கேள்வி. எந்த ஷூ வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். காலுக்குப் பொருந்தினால் போதும், அடுத்த சீசனுக்குள் சின்னதாகிவிடும்.

இரண்டு ஊரும் சரிதான். அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பின் அளவுப்படி 8 வயதுப் பிரிவு வரை அணிக்கு 4 பேர், கீப்பர் இல்லை. 10 வரை 7 பேர், 12 வரை 9 பேர், 13-இல்தான் 11 பேர். பொழுதுபோக்கு லீக்குகள் இதன்மேல் தங்கள் விதியைச் சேர்த்துக்கொள்ளும். கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறியும் த்ரோ இன் தப்பானால் இன்னொரு வாய்ப்பு உண்டா, சறுக்கிப் பந்தைப் பறிக்கலாமா, கோல் வித்தியாசம் கூடினால் என்ன செய்வது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே லீக்கின் விதித்தாளைக் கேட்டு வாங்கி, சீசன் தொடங்கும் முன் படித்துவிடுங்கள். நான் படிக்கவில்லை. அதன் விலையை என் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

2014-இல் ஒஹையோவுக்கு வந்தோம். திருச்சியில் எங்களுக்குப் பந்து வைத்திருப்பவன் சொன்னதுதான் விதி. தலையால் முட்டி கோல் போடுபவன்தான் தெருவுக்கு ராஜா. அதையே மகனுக்கும் தினமும் மாலையில் சொல்லிக்கொடுத்தேன். 2016-இல் ஒரு சனிக்கிழமை, 8 வயதுப் பையன் அழகாகத் தலையால் முட்டினான். விசில். எதிரணிக்கு ஃப்ரீ கிக். மூளை அதிர்ச்சிக்கு அஞ்சி, 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டக் கூடாது என்று கூட்டமைப்பு 2015 நவம்பரிலேயே அறிவித்திருந்தது. தான் செய்த தப்பு என்னவென்று தெரியாமல் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் மனதில் இருக்கிறது.

அப்புறம் தோடு. பெண்ணைப் பெற்ற நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். ஒஹையோவில் தோட்டின் மேல் டேப் ஒட்டினால் ஆடவிட்டார்கள். நியூ ஜெர்சிக்கு மாறிய முதல் ஆட்டத்தில் நடுவர் மறுத்துவிட்டார். நகை கூடாது, டேப் ஒட்டி மறைப்பதும் கூடாது என்பது உலகப் பொது விதி. பழைய லீக்தான் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது. மகளுக்கு அது ஊரில் காது குத்திப் போட்ட திருகாணித் தோடு. நானும் மனைவியும் எவ்வளவோ முயன்றும் திருகு அசையவில்லை. ஆட்டம் முழுவதும் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று நான் நடுவரிடம் சத்தம் போட்டேன். அவருக்கு 14 வயதுகூட இருக்காது. அது பெரிய தவறு, நீங்கள் ஒருநாளும் செய்யாதீர்கள். நம் ஆட்களில் சிலர் கோட்டோரம் நின்று "ஷூட், ஷூட்" என்று கத்துகிறார்கள். 7 வயதில் பொழுதுபோக்கு லீக் வீண் என்று ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி, வெளியூர் போய்ப் போட்டியிடும் டிராவல் கிளப்புக்கு ஓடுகிறார்கள். உங்கள் மகளுக்கு இப்போது அது வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டம் தரும் லீக்குகள் இருக்கின்றன. அவள் அங்கே ஆசை தீர ஓடட்டும். நடுவரிடம் சத்தம் போட்டதற்கு அடுத்த ஆண்டு நானே பயிற்சியாளராகப் பெயர் கொடுத்து ஆறு சீசன் நடத்தினேன், அந்தச் சனிக்கிழமைகளில்தான் இந்த ஊர் எனக்குச் சொந்த ஊரானது.

தோட்டுக்காக மகள் அழுத அந்த இலையுதிர் காலத்தில் என் அம்மா வந்திருந்தார். பேத்தி வெறுங்காதோடு ஆட வேண்டும் என்று கேட்டு முதலில் மனம் வருந்தினார். பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் திருகைக் கழற்றும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்டம் முடியும்வரை அந்தத் தோடு அவர் முந்தானை முடிச்சில் இருக்கும்.